மூன்றாவது ஊசிக்குப் பிறகு

நூற்றெண்பத்தாறு.
முந்நூறாவது இருக்கணும் என்றார் டாக்டர்,
கரண்ட் பில்லைப் பார்ப்பதுபோல் தாளைப் பார்த்துக்கொண்டு.
எனக்கு ஐம்பத்து மூன்று வயது.
ஹார்பரில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியவன்,
இரண்டு வருடமாக வாசலில் ஸ்டூல் போட்டு
லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன்.
சாப்பிட்டால் தூக்கம். தூங்கி எழுந்தால் அசதி.
ஷேவிங் வாரத்துக்கு ஒன்று போதும் என்றாகிவிட்டது.
புஷ்பராணி பக்கம் திரும்பிப் படுத்து
எத்தனை மாதம் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் எண்ணவில்லை.

"எலும்பும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கு.
ஊசி போட்டா அதுவும் தேறும்."

மூன்று வாரத்துக்கு ஒன்று.
தண்டையார்பேட்டை கிளினிக்கில், பச்சைத் திரைக்குப் பின்னால்,
நர்ஸ் எஸ்தர் குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றுவாள்.
கெட்டி மருந்து. மெதுவாகத்தான் இறங்கும்.
இதில் என்ன கலந்திருக்கு என்றேன்.
நல்லெண்ணெய்ண்ணே.
சிரித்துவிட்டேன்.
சனிக்கிழமை தலைக்கு வைத்தது போதாதென்று
சதைக்குள்ளேயே ஏற்றுகிறார்கள்.

இரண்டாவது ஊசி வரை ஒன்றுமில்லை.
அப்புறம் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வாசனை
கீழ்ப்படியிலேயே பிடிபட்டது.
ஹவுசிங் போர்டில் நாலு மாடி, இரண்டிரண்டு படியாக.
தண்ணி லாரி வந்தால் நானே இறங்கினேன்,
தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.
"யோவ், யார்மேல கோவம்?" என்றான் மஸ்தான்.
விளக்கணைக்கும்போது புஷ்பராணி ஒரு மாதிரி சிரித்தாள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட்
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.
மூடினால் ஒரு கூட்ஸ், அதன் வாலைப் பிடித்து இன்னொன்று,
நடுவில் இஞ்சின் மட்டும் தனியாக வந்து
எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பிப் போகும்.
இரண்டு வருடமும் நான் நின்றவன்,
சைக்கிளைச் சாய்த்து, வேர்க்கடலை தின்று.
அன்றைக்கு நிற்கத் தோன்றவில்லை.
சைக்கிளை அங்கேயே விட்டேன். குனிந்தேன், நுழைந்தேன்,
முதல் தண்டவாளங்களை இருபது வயதுக்காரன் தாண்டினான்.
கடைசியில் ஜல்லி நழுவியது.

சத்தம் வெளியே கேட்டிருக்காது.
முருங்கைக் கொம்பை ஒடிப்பதுபோல், உள்ளே.
ரயில் வரவில்லை, அதுதான் வெட்கம்.
ஒரு ரயிலும் வராத தண்டவாளத்தில்
கணுக்கால் திரும்பி நான் உட்கார்ந்திருக்க,
கேட்டின் இரண்டு பக்கமும் பொறுமைசாலிகள்
வரிசையாய் நின்று பார்த்தார்கள்.

ஸ்டான்லியில் எடுத்த படத்தை
டாக்டரின் மேஜைமேல் வைத்தேன்.
எலும்பு தேறும்னு சொன்னீங்களே சார்.
அவர் ஜன்னல் பக்கம் அதைத் தூக்கிப் பிடித்தார்.
"ஸ்கேன்ல தேறத்தான் செய்யுது.
ஆனா ஊசி போட்டுக்கிட்டவங்கதான்
போடாதவங்களவிடக் கொஞ்சம் அதிகமா ஒடைச்சுக்கிறாங்கன்னு
பெரிய ஆராய்ச்சி ஒண்ணு சொல்லுது.
ஏன்னு சரியாத் தெரியல."

தெரியல என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றைக்குத்தான் கேட்டேன்.
அவரைப் பிடித்துப் போனது.

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டதா என்ன.
மாவுக்கட்டைத் தலையணைமேல் ஏற்றி வைத்து
ராத்திரியெல்லாம் உத்தரத்தைப் பார்த்ததில் தோன்றியது இவ்வளவுதான்:
எலும்பு தாலுகா ஆபீஸ்.
ஃபைல் ஒரு மேஜை நகர வருடம் ஆகும்.
ஆசைக்கு மூன்று வாரம் போதும்.
கீழே தூணில் சிமெண்ட் இன்னும் ஈரம்,
அதற்குள் மாடியில் எவனோ குடிவந்து
குதிக்க ஆரம்பித்துவிட்டான்.
அவன் என் சாயலில் இருந்தான்,
அதனால் வாடகை கேட்கவில்லை.

நாலாவது ஊசிக்கு ஆட்டோவில் போனோம்.
போடலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க என்று
டாக்டர் அனுப்பியிருந்தார்.
திரைக்குப் பின்னால் கக்கத்தில் கட்டையோடு நான்,
குப்பியோடு எஸ்தர்,
இரண்டு பேரும் புஷ்பராணியைப் பார்த்தோம்.

"போடும்மா" என்றாள்.
"கேட் மூடியிருந்தா நிக்கச் சொல்லு."

எஸ்தர் உருட்டத் தொடங்கினாள்.
தூரத்தில் ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.
குப்புறப் படுத்து வேகன்களை எண்ணினேன்.
முப்பத்தொன்று வரை வந்தேன்,
சுருக்கென்றது.